தொண்டையில் ஒன்றும் சிக்கவில்லை

நீங்கள் மூன்று பேரும் திங்கட்கிழமை என் மேசைக்கு வருவீர்கள். பதிவேடுகளும் மோட்டார் சைக்கிள் சாவியும் அலுமாரியில் இருக்கின்றன. எந்தத் தோட்டத்துத் தண்ணீர்த் தொட்டிக்கு மூடி இல்லை, எந்தக் கடைக்காரர் நம்மைக் கண்டதும் பழைய பாண் ரொட்டியைக் கீழே ஒளித்து வைப்பார் என்பதெல்லாம் கொப்பியில் எழுதியிருக்கிறேன். வாசித்தால் புரியும். கொப்பியில் எழுத முடியாத ஒன்றை மட்டும் இங்கே தனியாக எழுதுகிறேன். ஆறு வருஷம்தான் இந்தப் பிரிவில் பி.எச்.ஐ.யாக, பொதுச் சுகாதாரப் பரிசோதகராக, இருந்தேன். ஓய்வு பெற்ற ஆட்களைப் போலப் புத்தி சொல்ல எனக்கு வயசு காணாது. ஆனாலும் நான் செய்த ஒரு பிழையை நீங்களும் செய்து பார்க்க வேண்டியதில்லை.

என் வீட்டில் பள்ளிக்கூடத்தை ஒழுங்காக முடித்த முதல் ஆள் நான். அப்பா தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டினார், அம்மா கொழுந்து எடுத்தார், லயத்து வரிசை வீட்டுக்குப் பின்னால் இரண்டு மாடு இருந்தது. வேலை கிடைத்து வெள்ளைச் சட்டையோடு தோட்டங்களுக்குப் போக ஆரம்பித்தபோது, சனம் என்னை "நம்ம புள்ள" என்று சொல்வார்கள். அதே வாயால் "படிச்ச புள்ள" என்றும் சொல்வார்கள். இரண்டு பெயரும் எனக்குப் பிடித்திருந்தன. இரண்டில் ஒன்றைக் காப்பாற்றத்தான் அந்தப் பிழையைச் செய்தேன்.

போன வருஷம் மாசி மாதம். ராகலைக்கு மேலே ஒரு தோட்டம், அதிலும் மேல் டிவிஷன். அதற்கு மேலே காடுதான். ஒரு வியாழக்கிழமை கக்கூஸ் குழிகளைப் பார்க்கப் போயிருந்தேன். கடைசி லயத்தில், கடைசி வீட்டில் சிவனு அண்ணன் இருந்தார். நாற்பது வயசு இருக்கும், தோட்டத்தில் மருந்தடிக்கிற வேலை. அவர் மனைவி புஷ்பா அக்கா கொழுந்து எடுப்பவர். பிள்ளைகள் இல்லை. ஒரு கறுப்பு வெள்ளைப் பசு இருந்தது.

உங்களில் ஒருவர் வடக்கிலிருந்து வருவதாகக் கேள்விப்பட்டேன், அவருக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். மாசியில் எங்கள் தோட்டங்களில் காமன் கூத்து நடக்கும். சிவன் மன்மதனை எரித்த கதையைப் பல நாள் வைத்து ஆடுவார்கள். ஆண்கள்தான் பெண் வேஷமும் கட்டுவார்கள். ரதியும் மன்மதனுமாக நிற்கிறவர்களுக்குக் கையில் மஞ்சள் காப்புக் கட்டுவார்கள். கட்டியபின் கூத்து முடியும்வரை விரதம், தோட்டத்து எல்லையைத் தாண்டக் கூடாது. அந்த டிவிஷனில் ஒன்பது வருஷமாக சிவனு அண்ணன்தான் ரதி. மீசையை எடுத்துவிட்டு அக்காவின் சேலையைக் கட்டிக்கொண்டு அவர் அழுதால், கங்காணி முதற்கொண்டு மூக்கைச் சிந்துவார்கள் என்று சொல்வார்கள்.

நான் போனபோது அந்தப் பசு தொழுவத்துச் சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றது. வாயிலிருந்து எச்சில் அறாமல் நூல் நூலாக இறங்கியது. முன்னால் கிடந்த புல்லில் வாய் வைக்கவில்லை.

நுவரெலியாப் பக்கம் கரட் கிழங்கு கழுவுகிற இடங்களில், ஒடிந்ததையும் வெடித்ததையும் சாக்கில் கட்டி மாட்டுக்குக் கொடுப்பார்கள். மாடு மெல்லாமல் விழுங்கும், தொண்டையில் மாட்டிக்கொள்ளும், வாயைத் திறந்து கையை விட்டு எடுக்க வேண்டும். இங்கே மாடு வளர்த்த வீட்டில் பிறந்தவர்களுக்கு இது சொல்லித்தராமலே தெரியும். வேறு ஊர்க்காரர் அந்த எச்சிலைக் கண்டால் இரண்டு அடி பின்னால் போவார். நாங்கள் சட்டைக் கையை மடித்துக்கொண்டு முன்னால் போவோம்.

சிவனு அண்ணன் காலையிலேயே கை விட்டுப் பார்த்திருந்தார், மணிக்கட்டில் பல் கீறியிருந்தது. கிடைக்கவில்லை.

"என் கை தடிச்ச கை, உள்ள போக மாட்டேங்குது. ஒங்க கை பேனா புடிச்ச கைதானே தம்பி. கொஞ்சம் விட்டுப் பாருங்களேன்" என்றார்.

"கக்கூஸு பாக்க வந்த புள்ளய மாட்டு வாயிக்குள்ள தள்ளுறீங்களே, நல்லாருக்கா?" என்று அக்கா சிரித்தார். சிரித்துக்கொண்டே சேலைத் தலைப்பால் பசுவின் வாயைத் துடைத்தார்.

எனக்கு அது பெருமையாக இருந்தது. படித்தும் மாட்டை மறக்காத பிள்ளை. மணிக்கூட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு முழங்கைவரை விட்டேன்.

அந்தச் சூடு இப்போதும் கையில் இருக்கிறது. சாதாரணமாக மாடு நாக்கால் தள்ளும், தலையை உதறும், தொண்டை இறுக்கும். இந்தப் பசு ஒன்றும் செய்யவில்லை. உள்ளே எல்லாம் தளர்ந்து, யாரும் குடியில்லாத வீடு மாதிரி இருந்தது. கண் மட்டும் திறந்திருந்தது. அது என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்குப் பின்னால், யாரோ வந்து நிற்கிற உயரத்தில் பார்த்துக்கொண்டிருந்தது. நான் திரும்பிப் பார்த்தேன். பனிமூட்டம்தான் நின்றது. அப்போது பசு கத்தியது. அந்தக் குரலை நான் காதால் கேட்பதற்கு முன்னால் கையால் கேட்டேன். கட்டிப்போன, மாட்டுடையது இல்லாத குரல். பல் மணிக்கட்டில் உரசி இரண்டு கோடு விழுந்தது. தேயிலைச் செடி கீறினால் விழுமே, அவ்வளவுதான்.

"தொண்டையில ஒன்னும் சிக்கலண்ணே" என்றேன்.

பீலியில் விழுகிற தண்ணீரில் சவுக்காரம் போட்டுக் கழுவினேன். பிறகு மற்ற லயங்களுக்குப் போய்விட்டேன். மறுநாள் வெள்ளிக்கிழமை சிவனு அண்ணனுக்குக் காப்புக் கட்டினார்கள்.

சனிக்கிழமை பசு விழுந்துவிட்டது என்று தகவல் வந்தது. அரசாங்கக் கால்நடை வைத்தியரோடு நானும் போனேன். அவர் சிங்களவர், எங்கள் பேச்சுத் தமிழ் நன்றாகத் தெரிந்த அம்மா. தொழுவத்து வாசலிலேயே நின்றுவிட்டார். உள்ளே போகவில்லை. பசு படுத்தபடியே காலால் காற்றில் நடந்துகொண்டிருந்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, மெதுவாக, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, யாராவது இதன் வாய்க்குள் கை விட்டீர்களா என்று கேட்டார்.

அந்தக் கேள்வியிலேயே எனக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. பயிற்சியில் படித்த வரி, பரீட்சையில் எழுதி மார்க் வாங்கிய வரி. விசர் நாய் கடித்து விசர் நோய் கண்ட மாடு, தொண்டையில் எதுவோ சிக்கியது போல நிற்கும்.

சிவனு அண்ணன் கையைத் தூக்கினார். தூக்கிவிட்டு என்னைப் பார்த்தார். நான் கொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் என்னைப் பற்றிச் சொல்லவில்லை. படித்த பிள்ளை, வெளியாள் முன்னால் ஏன் மானத்தை வாங்க வேண்டும் என்று நினைத்திருப்பார். அக்காவும் சொல்லவில்லை. என்னைக் காப்பாற்றுவதாக நினைத்து அவர்கள் இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டார்கள். நான் அதை அப்படியே வாங்கிக்கொண்டேன்.

விசாரித்ததில் தெரிந்தது. தைப்பொங்கலுக்கு முந்தி ஒரு நாய் வந்திருக்கிறது. யாருடைய நாய் என்று யாருக்கும் தெரியாது. குரைக்கவில்லை. லயத்து நாய்கள் எல்லாம் குரைத்தும் அது திரும்பிப் பார்க்கவில்லை. முன்வாசல்கள் ஓரமாக நேராக வந்து, கட்டியிருந்த பசுவின் மூக்கில் ஒரே ஒரு கடி கடித்துவிட்டு, அதே வேகத்தில் நேராகக் காட்டுக்குள் போய்விட்டது. காயமும் ஆறிப்போனது. நாயை எல்லாரும் மறந்தும் போனார்கள்.

ஞாயிறு காலையில் பசு செத்தது. தலையைக் கொழும்புக்கு அனுப்ப வேண்டும். வைத்தியர் வெட்டித் தர, ரெஜிபோம் பெட்டியில் ஐஸ் போட்டு டேப் சுற்றி, த்ரீவீலரில் மடியில் வைத்துக்கொண்டு நுவரெலியாவுக்கு இறங்கினேன். பெட்டியில் மீனா என்று சாரதி பையன் கேட்டான். நான் பெட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். கொஞ்ச தூரம் போனதும் அவனாகவே பாட்டை நிறுத்தினான். வளைவுக்கு வளைவு பெட்டிக்குள்ளே அது மெதுவாகப் புரண்டது.

பெட்டியை ஒப்படைத்துவிட்டு, நேராக ஆஸ்பத்திரிக்குப் போய் எனக்கு ஊசி போட்டுக்கொண்டேன். கீறலைச் சுற்றி மருந்து, தோளில் தடுப்பூசி. என்ன வேலை என்று கேட்டார்கள். தோட்டத்தில் வேலை என்றேன்.

பிறகு அலுவலகத்தில் உட்கார்ந்து, மாட்டோடு பழகியவர்கள் பட்டியலை எழுதினேன். ஆறு பேர். அந்தக் கடதாசி இப்போதும் பைலில் இருக்கிறது, எடுத்துப் பாருங்கள். ஏழாவது பெயர் அதில் இல்லை.

திங்கட்கிழமை ஊசி போட வேனில் புஷ்பா அக்காவோடு சேர்த்து ஐந்து பேர் வந்தார்கள். சிவனு அண்ணன் வரவில்லை. காப்புக் கட்டியிருக்கிறது, கூத்து முடிந்ததும் வருகிறேன் என்று சொல்லி அனுப்பினார். கூத்து முடிய இன்னும் பதினொரு நாள் இருந்தது. மருந்தையே மேலே கொண்டுபோக முடியுமா என்று டொக்டரைக் கேட்டேன். அந்த மருந்து சிலருக்கு ஒத்துக்கொள்ளாது, மூச்சு நின்றால் காப்பாற்ற ஆஸ்பத்திரியாக இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

அன்று பின்னேரம் போய்ப் பாடம் எடுத்தேன். பாடம்தான் எடுத்தேன், வேறு என்ன சொல்ல. லயத்து முன்வாசலில், நாங்கள் இஸ்தோப்பு என்போமே, அங்கே பதினைந்து இருபது பேர் கூடிவிட்டார்கள். கூத்தை நடத்துகிறவரும் வந்திருந்தார். எல்லாரும் அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். இந்தக் கிருமி இரத்தத்தில் ஓடாது என்று விளக்கினேன். கீறல் வழியாக நரம்பைப் பிடித்துக்கொண்டு, ரயில் ரோட்டில் நடக்கிற ஆளைப் போல மெது மெதுவாக மூளைக்கு நடக்கும். நடக்கிற வரைக்கும் வலிக்காது, காய்ச்சல் வராது. போய்ச் சேர்ந்த பிறகு உலகத்தில் மருந்து இல்லை.

சனம் சிவனு அண்ணனின் கையையே பார்த்தார்கள். மணிக்கட்டில் காப்பு, அதற்குக் கீழே கீறல், அதற்கு மேலே முழங்கை, தோள், கழுத்து. ஒவ்வொருவர் கண்ணும் அந்த வழியில் ஏறிப் போவதை நான் பார்த்தேன்.

"இப்ப எங்க வந்திருக்கும் சார்?" என்று ஒருவர் கேட்டார்.

சொல்ல முடியாது என்றேன்.

"ரத்தத்த எடுத்துப் பாத்தா தெரியுமா?"

தெரியாது என்றேன். உயிரோடு இருக்கிற ஆளிடம் உள்ளே இருக்கிறதா இல்லையா என்று கண்டுபிடிக்கிற சோதனை கிடையாது என்றேன்.

மாஸ்டர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். "பேயின்னு சொன்னாக்கூட அதுக்கு ஒரு பேரு, ஒரு மரம், ஒரு மேடு இருக்கும் சார். நீங்க சொல்றது பேயவிட மோசமாயிருக்கே. இருக்கா இல்லையான்னு ஒங்களுக்கே தெரியாத ஒன்னுக்காக ஆண்டவனுக்குக் கட்டுன காப்ப அவுக்கணுங்கிறீங்க."

எல்லாரும் சிரித்தார்கள். சிவனு அண்ணனும் சிரித்தார். நானும் கொஞ்சம் சிரித்து வைத்தேன். நீள்கைச் சட்டைக்கு உள்ளே என் தோள் வீங்கி வலித்துக்கொண்டிருந்தது.

செவ்வாயும் புதனும் போனேன். ஒவ்வொரு தடவையும் அவர் மரியாதையாகத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டார். புதன்கிழமை மூன்று மணிபோல பனிமூட்டம் ஏறும்போது, கொழுந்து நிறுக்க வந்த பொம்பளைகள் எல்லாம் ஒரே நேரத்தில் பேச்சை நிறுத்தினார்கள். புதைத்த பசு கத்துகிறது என்றார்கள். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அதே நேரத்துக்குக் கத்துகிறதாம். காது கொடுத்துக் கேட்டேன். கீழே ரோட்டு வளைவில் லொறி ஏதாவது ஹோர்ன் அடித்திருக்கலாம். அப்படித்தான் அவர்களிடம் சொன்னேன். அன்றைக்கு அந்தப் பக்கம் பாலம் உடைந்து லொறி ஓடவில்லை என்பதை இறங்கிப் போகும்போதுதான் அறிந்தேன்.

வியாழக்கிழமை கொழும்பிலிருந்து முடிவு வந்தது. பசுவுக்கு விசர் நோய்தான்.

கை விட்டு அன்றோடு ஒரு கிழமை. மோட்டார் சைக்கிளை எப்படி ஓட்டிக்கொண்டு போனேன் என்று தெரியாது. மேலே பனி கனத்திருந்தது. தப்பு மேளம் மட்டும் கேட்டது, அடிக்கிற ஆட்கள் தெரியவில்லை. சிவனு அண்ணன் வேலை முடிந்து வந்து இஸ்தோப்பில் உட்கார்ந்திருந்தார். மாஸ்டரும் மூன்று நான்கு பேரும் பக்கத்தில் இருந்தார்கள். முடிவைச் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை.

அன்றைக்குத்தான் சிவனு அண்ணன் உள்ளதைச் சொன்னார். நான் நினைத்துக்கொண்டிருந்தது போல அவர் ஒன்றும் விளங்காமல் இருக்கவில்லை. நான்கு வருஷத்துக்கு முன் மன்மதனாக நின்ற பையன், காப்போடு ஹற்றனுக்குப் போய் வந்தானாம். அந்தப் பங்குனி மழையில் மேட்டு லயத்தில் மண் சரிந்து, தாயும் பிள்ளையும் போய்ச் சேர்ந்தார்கள். மண்ணைத் தோண்டிப் பிள்ளையை எடுத்தவர் சிவனு அண்ணன்.

"எனக்கு ஒன்னு ஆனா என்னோட போயிரும் தம்பி. காப்ப அவுத்தா அது யார் வீட்டுக்குப் போகும்னு தெரியாது. நீங்க சொல்ற கிருமி ஒரு ஆளத்தானே புடிக்கும்?"

தன் உயிரை ஒரு பக்கமும் லயத்தையே இன்னொரு பக்கமும் வைத்து நிறுத்துப் பார்த்துவிட்டுப் பேசுகிற மனிதரிடம், நான் நான்கு நாளாக நரம்பு, மூளை என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். அவரைப் பயமில்லாதவர் என்று நினைத்தேன். பார்த்தால், அவருக்கு என்னைவிடப் பெரிய பயம்.

எனக்குச் சொல்ல வேறொன்றும் மிச்சமில்லை. அதனால்தான் அது வாயில் வந்தது என்று நினைக்கிறேன், நல்ல மனசால் வந்ததாக எழுத எனக்கு உரிமை இல்லை. சட்டைப் பொத்தானைக் கழற்றித் தோளைக் காட்டினேன். தடித்துச் சிவந்திருந்தது. மணிக்கட்டுக் கீறலைச் சுற்றி ஊசிப் புள்ளிகள் இருந்தன.

"நானும் கை விட்டேன்ல. ஞாயித்துக்கெழமையே ஊசி போட்டுட்டேன்" என்றேன்.

புஷ்பா அக்கா உள்ளேயிருந்து வந்தார். என் தோளை, விளக்கைப் பக்கத்தில் பிடித்துப் பார்ப்பது போலக் குனிந்து பார்த்தார். அதுவரை என்னைத் தம்பி என்றுதான் கூப்பிடுவார்.

"ஞாயித்துக்கெழமையேவா சார்?" என்றார்.

நான் தலையாட்டினேன்.

"ஒங்க கையுந்தான் உள்ள போச்சு. நீங்க பதறவே இல்ல. கொப்பியத் தூக்கிக்கிட்டு வாறீங்க, போறீங்க, தேத்தண்ணி குடிக்கிறீங்க. படிச்ச புள்ளயே சும்மா இருக்கு, சும்மா சட்டத்துக்குத்தான் நம்மள வரச் சொல்லுதுன்னு நெனச்சோம். நா ஊசி போட்டுட்டு வந்தும் இவரக் கட்டாயப்படுத்தாம இருந்தேனே, அது எதப் பாத்துன்னு நெனைக்கிறீங்க? ஒங்களப் பாத்துத்தான்."

சத்தம் போட்டுப் பேசவில்லை. சத்தம் போட்டிருந்தால் தேவலை.

உள்ளே போனார். வரும்போது கையில் கவ்வாத்துக் கத்தி இருந்தது. மாஸ்டர் எழுந்து, "புஷ்பா, வேணாம், தாய்மாமன் மொறையில சொல்றேன்" என்றார். அக்கா அவரைப் பார்க்கவில்லை. புருஷனின் கையைப் பிடித்தார். சிவனு அண்ணன் இழுத்துக்கொள்ளவில்லை, கண்ணை மட்டும் மூடிக்கொண்டார்.

"அவரு அவுக்கல. எல்லாரும் பாத்துக்கங்க. நாந்தான் அறுக்கிறேன். வாறது எதுவோ அது என்கிட்ட வரட்டும்."

தேயிலைக் கிளையை வெட்டுகிற கத்திக்கு ஒரு மஞ்சள் நூல் எம்மாத்திரம். அறுந்து விழுந்தது. யாரும் அதைக் குனிந்து எடுக்கவில்லை.

த்ரீவீலர் தோட்டத்து எல்லையைத் தாண்டும்போது சிவனு அண்ணன் அக்காவின் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். ஆஸ்பத்திரியில் டொக்டர் கையைப் பார்த்தார். கழுவியது நல்லது, நாள் போனது நல்லதில்லை, இப்போதாவது வந்தீர்களே என்றார். இனிப் பயமில்லையா என்று அக்கா கேட்டார். மருந்து முந்திக்கொண்டிருந்தால் பயமில்லை, ஒரு வருஷம் போகட்டும் என்றார் டொக்டர். நான்கு நாள் முந்தியே என் சட்டைப் பொத்தானைக் கழற்றியிருந்தால், அந்த "இருந்தால்" அவருக்கு வேண்டியிருக்காது.

நம் வேலையில் சனம் நாம் சொல்வதைக் கொஞ்சம் கேட்பார்கள், நம் முகத்தை நிறையப் பார்ப்பார்கள். நம் முகத்தில் ஒன்றும் இல்லையென்றால் ஊருக்கும் ஒன்றும் இல்லை. வெட்கத்தால் நான் வைத்துக்கொண்ட சாந்த முகத்தைப் பார்த்துத்தான் ஒரு வீடு நான்கு நாள் நிம்மதியாக இருந்தது. பட்டியல் எழுதும்போது உங்கள் பெயர் அதில் வர வேண்டுமென்றால் முதல் ஆளாக எழுதுங்கள். எழுதியதை இஸ்தோப்பில் நின்று சத்தமாக வாசியுங்கள்.

இதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு அதிகம் தூக்கத்தைக் கெடுத்தது.

அந்த வருஷம் ரதியாக வேறு ஒருவர் நின்றார். சிவனு அண்ணன் மீசையை வளர்த்துக்கொண்டார். சனம் அவரோடு சண்டை போடவில்லை, ஒதுக்கவும் இல்லை. ஆனால் காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கிற பெரட்டுக்களத்தில் அவர் தண்ணீர்ப் போத்தலைத் திறந்து வாயில் வைத்தால் பக்கத்தில் பேச்சு நின்றுவிடும். அவர் விழுங்கும்வரை பார்ப்பார்கள். விழுங்கியதும் பேச்சு தொடரும். தண்ணீரைக் கண்டு தொண்டை அடைத்தால் வந்துவிட்டது என்று அர்த்தம், அதை அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவனும் நான்தான். அக்கா காலையில் எழுந்ததும் ஒரு செம்புத் தண்ணீரைக் கொடுத்து எதிரே நிற்பாராம். அவர் குடிப்பாராம். ஒரு தடவை இருமல் வந்து பாதியில் செம்பை வைத்துவிட்டார். அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார் என்று அவரே என்னிடம் சொன்னார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். "என்னமோ நான் தண்ணி குடிக்கிறதுதான் இப்ப டிவிசன்ல கூத்து" என்றார்.

ஆவணியில் நடு லயத்தில் ஒரு பெரியவர் இறந்தார். நெஞ்சுச் சளி வருத்தம், வருஷக் கணக்காக இருந்தது, நான் கிளினிக்குக்கு எழுதிக் கொடுத்த ஆள்தான். செத்த வீட்டில் யாரும் காப்பு அறுத்ததைப் பற்றிப் பேசவில்லை. புஷ்பா அக்கா உள்ளே வந்தபோது ஒப்பாரி வைத்த பொம்பளைகள் ஒரு மூச்சு நேரம் நிறுத்தினார்கள், அவ்வளவுதான். அக்கா பிணத்தின் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, வாசலில் கடைசி ஆள் போகும்வரை உட்கார்ந்திருந்தார். நான் அவரிடம் போய், இது காப்பினால் வந்ததில்லை, நுரையீரல் நோய், எக்ஸ்ரே இருக்கிறது என்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"தெரியுது சார். எனக்குத் தெரியுது" என்றார்.

வாயால் அப்படிச் சொன்னார். கண் வேறொன்றைக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. என் கிருமி இருக்கிறதா என்று பார்க்கச் சோதனை இல்லை என்று நான்தான் சொன்னேன். அவர் பயத்துக்கும் சோதனை இல்லை. இரண்டையும் ஒரே பொம்பளை தோளில் தூக்கி வைத்துவிட்டு நான் மோட்டார் சைக்கிளில் இறங்கி வந்தேன்.

போன கிழமை, இடமாற்றக் கடிதம் வந்த பிறகு, சொல்லிக்கொள்ளப் போனேன். மறுபடியும் மாசி. கூத்துக்காகப் பொட்டலைச் செதுக்கிக்கொண்டிருந்தார்கள். சிவனு அண்ணன் ஒரு மூலையில் மண்வெட்டியோடு நின்றார், தூரத்திலிருந்தே கை காட்டினார். ஒரு வருஷம் ஆக இன்னும் மூன்று நாள் இருந்தது. நன்றாக இருக்கிறார், கொஞ்சம் சதை போட்டிருக்கிறார். மாஸ்டர் அவரை எதற்கும் கூப்பிட்டிருக்கவில்லை, பொட்டல் செதுக்க மட்டும் அவராகவே வந்திருந்தார்.

வீட்டில் அக்கா மட்டும் இருந்தார். புது மாடு வாங்கவில்லை, தொழுவத்தில் விறகு அடுக்கியிருந்தது. இடமாற்றத்தைச் சொன்னேன். எந்த ஊர், அங்கே குளிரா, சாப்பாடு எப்படி என்று விசாரித்தார். மேட்டில் நடந்து வந்த களைப்பில் எனக்கு மூச்சு வாங்கியது. அவர் உள்ளே போய் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, எதிரே நின்றார்.

நான் வாயில் வைத்தேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. அதற்குக் கொஞ்சம் கீழே பார்த்துக்கொண்டிருந்தார், மூச்சை அடக்கிக்கொண்டு.

என் அம்மாவுக்கு இன்றுவரை நான் இதைச் சொல்லவில்லை. அலுவலகத்தில் யாருக்கும் தெரியாது. இந்த ஒரு வருஷமாகத் தினமும் காலையில் முதல் மடக்கைத் தனியாக, கதவைச் சாத்திக்கொண்டு குடித்துப் பார்த்தவன் நான். எனக்காகவும் ஒரு ஆள் நாள் எண்ணிக்கொண்டிருந்தது அந்த நிமிஷம்வரை எனக்குத் தெரியாது. பாதியில் செம்பை எடுத்துவிட்டேன்.

அக்காவின் முகம் வெளுத்தது.

"முழுசா குடிங்க தம்பி" என்றார்.

குடித்தேன். ஒரு மடக்கும் விடாமல் குடித்து முடித்து, செம்பை அவர் முன்னால் கவிழ்த்துக் காட்டினேன்.